என்னை நானே திட்டாவிட்டால் உருப்படுவேனா?

மேடம், வணக்கம்.

எனக்கு வயது 31. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பி.எஸ்சி. கணிதம் முடித்து ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் தேறிவிடுகிறேன், முதன்மைத் தேர்வில் போய்விடுகிறது. இந்த முறையும் அப்படித்தான். பட்டியலில் என் எண் இல்லை என்பது மட்டும் தெரியும். மதிப்பெண் வெளியாகி இரண்டு மாதம் ஆகியும் திறந்து பார்க்கவில்லை.

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. தங்கை சென்னையில் வேலை பார்த்து மாதாமாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறாள். அதில் வாங்கிய அரிசியைத்தான் நானும் சாப்பிடுகிறேன். தட்டின் முன் உட்கார்ந்தாலே 'தண்டச்சோறு' என்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ராத்திரி படுத்தால் அன்றைக்கு வீணடித்த நேரத்துக்கெல்லாம் கணக்கு நடக்கும். தூங்க ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. சில நாள் இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றும்.

நூலகத்தில் கூடப் படிக்கும் நண்பர், 'உன்மேல் நீயே கொஞ்சம் கருணை காட்டு' என்று ஒரு வீடியோ அனுப்பினார். கண்ணாடி முன் நின்று 'நான் திறமைசாலி, என்னை நான் நேசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பார்த்தேன், பொய் சொல்வது போலக் கூச்சமாக இருந்தது. எனக்கு நானே தட்டிக்கொடுத்தால் சுத்தமாகச் சோம்பேறி ஆகிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. திட்டிக்கொள்வதால்தான் இவ்வளவாவது படிக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசகர் பதில்:

தம்பி, முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். 'இருந்து என்ன பயன்' என்பது அலுப்பில் வந்து போகும் எண்ணமா, இல்லை உயிரை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறதா? அப்படித் தோன்றினால் மீதிப் பதிலை அப்புறம் படிக்கலாம், இப்போதே 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் உதவி எண். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. வெறும் அலுப்புதான் என்றாலும், தூக்கம் இப்படிக் கெட்டிருப்பதால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மனச்சோர்வு நோயா என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

அந்தக் கண்ணாடிப் பயிற்சியை விட்டுவிடுங்கள். எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. 'நான் திறமைசாலி' என்ற நினைப்பு ஜெயித்த அன்றைக்குத் தானாக வரும், தோற்ற அன்றைக்குக் கூப்பிட்டாலும் வராது. உங்களுக்குத் தேவை தோற்ற நாளுக்கான மருந்து. டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் எழுதிய கட்டுரைகளில் சுயகருணைக்கு மூன்று பகுதிகள் சொன்னார். தன்னிடம் கனிவாக இருப்பது, இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்று உணர்வது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. இதில் புகழ்ச்சி எங்கேயும் இல்லை, கவனியுங்கள்.

சோம்பேறி ஆகிவிடுவோம் என்ற பயம் என்னிடம் வரும் பலருக்கும் உண்டு. அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், இருக்கத்தானே செய்யும்! கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்குக் கடினமான சொல்தேர்வு ஒன்றை வைத்துவிட்டு, ஒரு குழுவிடம் 'இது பலருக்கும் கஷ்டமானதுதான், உங்களை ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள்' என்றார்கள். இன்னொரு குழுவிடம் 'இங்கே இடம் கிடைத்ததென்றால் நீங்கள் புத்திசாலிதான்' என்றார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தது முதல் குழு. 2012-இல் வெளியான ஆய்வு இது.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. மதிப்பெண்ணை நீங்கள் இன்னும் திறக்கவில்லை. தமிழ்த் தகுதித் தாளில் போனதா, பொது அறிவுத் தாளில் போனதா என்று தெரியாமல் அடுத்த தேர்வுக்கு எதைப் படிப்பீர்கள்? திறந்தால் உள்ளே என்ன திட்டு விழுமோ என்ற பயம்தான் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. உங்களைப் படிக்க வைப்பதாக நீங்கள் நம்பும் அதே திட்டு! கருணை சார்ந்த சிகிச்சை முறையை உருவாக்கிய பிரிட்டன் உளவியலாளர் பால் கில்பர்ட் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். வெளியிலிருந்து ஆபத்து வந்தால் உடம்பு எப்படி இறுகுமோ, உள்ளிருந்து வரும் வசவுக்கும் அப்படித்தான் இறுகும். அந்த நிலையில் ஓடத் தோன்றும், ஒளியத் தோன்றும். உட்கார்ந்து தாளை அலசவும் முடியாது, தூங்கவும் முடியாது.

இதே மதிப்பெண்ணோடு அந்த நூலக நண்பர் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? 'சரி விடு, டீ குடிச்சுட்டு வந்து எங்க போச்சுன்னு பார்ப்போம்' என்பீர்கள். அதில் பொய் இல்லை, ஆறுதல் இருக்கிறது, அடுத்த வேலையும் இருக்கிறது. அப்படி ஒரு வாக்கியத்தை உங்கள் பேச்சு வழக்கிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி கணக்கு ஆரம்பிக்கும்போது அதை உங்கள் பெயரைச் சொல்லியே உங்களிடம் சொல்லுங்கள். நெஞ்சில் கை வைத்துக்கொள்வது சிலருக்கு உதவும், கூச்சமாக இருந்தால் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் அழுகை வரலாம், பழைய வலி கூடுவது போலவும் தோன்றலாம். நெஃப்புடன் சேர்ந்து இதற்கான பயிற்சியை வடிவமைத்த கிறிஸ்டோபர் ஜெர்மர் இதைத் தீப்பிடித்த அறையின் மூடிய கதவைத் திறப்பதோடு ஒப்பிடுகிறார். காற்று புகுந்ததும் நெருப்பு குப்பென்று எழும். அப்படி ஆனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்சம் நடங்கள்.

மதிப்பெண்ணைப் பகலில், நூலகத்தில், நண்பர் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே எந்த முடிவும் எடுக்காதீர்கள். இன்னொரு முறை எழுதுவதும் வேலைக்குத் திரும்புவதும் இரண்டும் கௌரவமான வழிகள்தான். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் அதை யோசிக்கலாம்.

அப்புறம் தங்கை. 'தண்டச்சோறு' என்று அவர் ஒருநாளும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. இந்த வாரம் அவருக்கு ஒரு போன் போடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.