கவிதை கேள்வி – பதில்

கே: ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிய தன் கவிதையை ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் பின்னாளில் தொகுப்பில் சேர்க்கவில்லையாமே? கொள்கை மாறியதாலா, கவிதை சரியில்லாததாலா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. 1937இல் ‘ஸ்பெயின்’ சிறுநூலாக வந்தது. அதன் வருமானம் ஸ்பெயினுக்கான மருத்துவ உதவிக்குப் போனது. கவிதையில் ‘அவசியமான கொலை’ என்றொரு தொடர் உண்டு. ‘கொலை’ அல்ல, ‘அவசியமான’ என்ற அடைமொழிதான் அங்கே கோளாறு. செத்தவன் முகம் கண்ணில் படும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. கொலை வெறும் சொல்லாக இருக்கிறவர்தான் இப்படி எழுத முடியும் என்று கண்டித்தார் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். அவர் அதே போரில் தொண்டையில் குண்டடி பட்டவர். 1940 தொகுப்பில் அந்த அடைமொழி இல்லை. ‘கொலை என்ற உண்மை’ என்று வரி மாறியது.

முடிவு மட்டும் திருத்தத்துக்கு மசியவில்லை. தோற்றவர்களைப் பார்த்து வரலாறு ‘ஐயோ’ எனலாம், உதவவோ மன்னிக்கவோ அதனால் ஆகாது என்று முடிகிறது கவிதை. ஜெயித்தவனே நல்லவன் என்றாகிறதே என்று 1966 தொகுப்பின் முன்னுரையில் ஆடனே கண்டித்தார். கவிதையை முழுதாக விட்டும்விட்டார். அது அதிகப்படி. நேற்று, இன்று, நாளை என்று நகரும் அதன் கட்டு அபாரமானது. நாளைய சைக்கிள் பந்தயங்களை இன்றைய போராட்டத்தின் பக்கத்தில் வைக்கும் இடத்துக்காகவே, ஆண்டைக் குறித்து 1937 வடிவத்தை அச்சிட வேண்டும்.

கே: ‘கோஷமாக இருக்கிறது’ என்று என் கவிதைகள் திரும்பி வருகின்றன. என்ன செய்ய? (வாசகி, சிவகாசி)

ப: கொள்கையைக் குறைக்காதீர்கள். கொடிய, வீர, புனித போன்ற அடைமொழிகளைப் பென்சிலால் அடியுங்கள். வரி சரிந்தால் அதில் காட்சி இல்லை. அங்கே கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். அடுத்து, கொடியின் நிறத்தை மாற்றி வாசியுங்கள். எதிர்த்தரப்பு மேடையிலும் அந்த வரி கைதட்டல் வாங்கினால், அது உங்களுடையது அல்ல. கடைசி நான்கு வரிகளை மறைத்தும் படியுங்கள். முடிக்கத் தெரியாத தவிப்பில் கோஷம் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

கே: பாசிசத்தை ஆதரித்த அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டுக்குப் பரிசு தந்தது சரியா? (வாசகர், கோவை)

ப: தவறு. 1949இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் நடுவர்கள் போலிங்கன் கவிதைப் பரிசை ‘பைசன் காண்டோஸ்’ நூலுக்காக அவருக்கு அளித்தார்கள். கவிதைச் சாதனை ஒன்றையே பார்த்ததாகச் சொன்னார்கள். நடுவர்களில் ஒருவரான யூதக் கவிஞர் கார்ல் ஷபிரோ எதிர்த்து வாக்களித்தார். நியாயம் அவர் பக்கம். யூத வெறுப்பு, இரண்டாம் உலகப் போரின்போது பவுண்டு இத்தாலிய வானொலியில் ஆற்றிய பேச்சோடு நிற்கவில்லை, பரிசு பெற்ற நூலின் வரிகளிலேயே இருக்கிறது.