பாப்-அப் கார்டு: மூடினால் ஏன் வெளியே துருத்துகிறது, திறந்தால் ஏன் சாய்கிறது?

திறந்தால் காகித உருவம் எழுந்து நிற்கும் பாப்-அப் கார்டை மூடினால் வீட்டின் கூரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, திறந்தால் ஒட்டிய உருவம் ஒரு பக்கம் சாய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் அளவுதான். எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் அளவு பிசகினால் ஒழுங்காக நிற்காது.

முதலில் ஒரே தாளை வெட்டி எழுப்பும் வகை. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி 1980களில் கட்டடங்களையே இந்த முறையில் வடித்துக் காட்டினார். இது 90 டிகிரி திறப்புக்கானது. ஒரு பாதி தரை, மறு பாதி பின்சுவர். முழுக்கத் திறந்தால் தட்டையாகிவிடும், அதுதான் இயல்பு.

6 செ.மீ. உயரம், சுவரிலிருந்து 4 செ.மீ. முன்னால் வரும் ஒரு பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுமடிப்புக்கு மேலே 6, கீழே 4, ஆக 10 செ.மீ. நீளத்தில் இரண்டு இணைவெட்டுகள் போடுங்கள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் உள்வாங்கும் மடிப்பு. வெளியே தள்ளும் மடிப்பு நடுமடிப்புக்கு 2 செ.மீ. மேலே வர வேண்டும். அப்போதுதான் கூரை 4, முன்சுவர் 6 என்று இணைகரம் பொருந்தும். பலரும் இந்த மடிப்பை நடுக்கோட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். உயரமும் ஆழமும் சமமாக இருந்தால் மட்டும் அது சரி. பெட்டிக்குள் வரும் நடுக்கோட்டை மடிக்கவே கூடாது.

மூடும்போது பெட்டியின் முன்விளிம்பு, உயரம் + ஆழம் அளவுக்கு, அதாவது நடுமடிப்பிலிருந்து 10 செ.மீ. தூரத்துக்குப் போய்விடும். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் கிடைப்பது 14.8 செ.மீ. விளிம்பில் அரை செ.மீ. விட்டால் கூட்டுத்தொகை 14.3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் கூரை நீட்டியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அடுத்து, முழுக்கத் திறந்ததும் எழும் தனி உருவம். உருவத்தை நடுவில் மடித்து, அடியில் பசை தடவி ஒட்டுவதற்கான இரண்டு பட்டைகளை (ஒட்டுநாக்குகள்) விட்டு, கார்டின் நடுமடிப்புக்கு இரு புறமும் வி வடிவில் ஒட்டுவோம். இரு பக்கமும் நடுமடிப்போடு ஒரே கோணம், உதாரணமாக 45 டிகிரி, இருந்தே ஆக வேண்டும். உருவத்தின் மடிப்புக்கும் அடிவிளிம்புக்கும் இடையே 90 டிகிரி இருந்தால் அது செங்குத்தாக நிற்கும். அது 80 ஆகிவிட்டால், வி விரிந்திருக்கும் பக்கமாகச் சுமார் 14 டிகிரி சாய்ந்துவிடும். 10 டிகிரி பிசகு இப்படிப் பெருகுவதால், அடிவிளிம்பைக் கண்ணளவில் வெட்டாமல் மூலைமட்டம் வைத்து வெட்டுங்கள்.

மூடும்போது இந்த உருவம் வியின் கூர்முனை இருக்கும் பக்கமாகப் படுக்கும். 45 டிகிரியில் ஒட்டிய 10 செ.மீ. உருவத்தின் உச்சி, நடுமடிப்பிலிருந்து 7 செ.மீ. விலகியும், கூர்முனையைத் தாண்டி 7 செ.மீ. முன்னேறியும் போய் விழும். அந்தப் பக்கம் அவ்வளவு இடம் விட்டு ஒட்டுங்கள்.

இரண்டு நாக்குகளையும் அளந்து ஒட்ட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறித்த கோட்டில் ஒட்டிக் காயவிடுங்கள். உருவத்தை மடித்துப் படுக்கவைத்து, மேலே தெரியும் நாக்கில் பசை தடவி, கார்டை மூடி அழுத்துங்கள். இரண்டாவது நாக்கு தானாகவே தன் இடத்தில் போய் உட்காரும். நாக்கு 8 முதல் 10 மி.மீ. அகலம் போதும், முனைகளைச் சரிவாக வெட்டிவிடுங்கள். இரண்டு நாக்குகளும் நடுமடிப்பைத் தொடாமல் 1 மி.மீ. தள்ளி நிற்கட்டும். தொட்டால் கார்டு முழுக்க மூடாது.

காகிதம்: ஒரே தாள் வகைக்கு 160 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஒட்டும் வகைக்கு அடி அட்டை 300, உருவத்துக்கு 200 வரை. காகிதத்தின் நார், அதாவது இழை, ஓடும் திசையை அவசியம் பாருங்கள். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும்போது வரும் மடிப்புக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது. முக்கிய மடிப்பு இழைக்கு இணையாக வர வேண்டும். குறுக்கே மடித்தால் தடித்த அட்டை வெடித்து வெள்ளை தெரியும். கடையில் வாங்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடுவதால், பாதியாக மடிக்கும்போது குறுக்கே விழுகிறது. பெரிய தாள் வாங்கி நீங்களே வெட்டிக்கொள்வது நல்லது.

மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால், ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்துங்கள். அழுத்திய பக்கம் மடிப்பின் வெளிப்புறமாக வரட்டும். ஃபெவிகாலைப் பல்குச்சியால் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அதிகமானால் அதிலுள்ள நீரை உறிஞ்சிக் காகிதம் நெளியும். பெரிய பரப்பை ஒட்ட இரட்டைப் பக்க டேப்தான் சரி.

வெட்டும் வரிசையையும் கவனியுங்கள். ஜன்னல், கதவு போன்ற உள்வெட்டுகள் முதலில், பிறகு மடிப்புக் கோடுகள், கடைசியில் நீண்ட வெட்டுகள். நீண்ட வெட்டை முதலில் போட்டுவிட்டால் தாள் தளர்ந்து, ஜன்னல் வெட்டும்போது பிளேடோடு சேர்ந்து இழுபட்டுக் கிழியும்.