கிராம வனக் குழு இருக்கும்போது படிவம் சி எதற்கு?

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் கிராம வனக் குழு பல வருடமாக இருக்கிறது. காட்டுப் புளியும் கடுக்காயும் அது வழியாகத்தான் போகிறது, ஆனால் விலை நாங்கள் வைப்பதில்லை. இப்போது வன உரிமைச் சட்டத்தில் படிவம் சி போட்டால் காடே ஊருக்கு வந்துவிடும் என்கிறார்கள். போடலாமா? இருக்கிற குழுவுக்குச் சிக்கல் வருமா?"

போடுங்கள் தம்பி. படிவம் சி என்பது காட்டை நிர்வகிக்கும் உரிமையைக் கேட்டு ஊர் போடும் விண்ணப்பம். ஆனால் "காடே நமக்கு வந்துவிடும்" என்று சொல்லி யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள், நாளைக்கு ஊருக்குள்ளேயே அது சண்டையாகும். காப்புக்காடு காப்புக்காடாகத்தான் இருக்கும். விற்க முடியாது, பங்கு போட முடியாது, மரம் வெட்டி விற்பதற்கும் வேட்டைக்கும் இதில் இடமில்லை. ஊருக்குக் கிடைப்பது, அந்தக் காட்டைக் காக்கவும், எதை எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்று தானே முடிவு செய்யவும் உள்ள அதிகாரம்.

கிராம வனக் குழு தருவது அதை அல்ல. 1990-இல் மத்திய அரசு அனுப்பிய ஒரு சுற்றறிக்கையில் தொடங்கி, இங்கே 1997-க்குப் பிறகு காடு வளர்ப்புத் திட்டத்தோடு ஊர் ஊராகப் பரவிய ஏற்பாடு அது. வனத்துறை நிர்வகிக்கும், ஊருக்குப் பங்கு கிடைக்கும். நல்ல வனவர் இருந்தால் நன்றாகவே நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது அரசாணையில் நிற்கிறது, இன்னொரு அரசாணை வந்தால் மாறிவிடும். 2006 வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் போட்டது, அதுவும் புதிதாக ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லவில்லை, முன்பே இருந்த உரிமையை அங்கீகரிப்பதாகச் சொல்கிறது. நீங்கள் விண்ணப்பிப்பதால் பழைய குழு தானாகக் கலைந்துவிடாது, அவர்களோடு மோதவும் தேவையில்லை. இன்னும் சொன்னால், அந்தக் குழுவின் பழைய ரசீதுகள்தான் உங்களுக்கு நல்ல சாட்சி.

படிவம் பி, படிவம் சி இரண்டையும் சேர்த்தே போடுங்கள். பி என்பது பயன்பாட்டுக்கு: புளி, கடுக்காய், தேன், கிழங்கு, மேய்ச்சல், தண்ணீர். சி என்பது அந்தக் காட்டை நிர்வகிக்க. பி மட்டும் கையில் இருந்தால் பொறுக்க உரிமை உண்டு, காட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற முடிவு வேறொருவர் கையில் இருக்கும்.

கூட்டத்தை எங்கே நடத்துவது என்பதில்தான் பல ஊர்கள் தடுக்கி விழுகின்றன. ஜனவரி 26-க்கும் மே 1-க்கும் நடக்கும் ஊராட்சி கிராம சபையில் பத்துப் பதினைந்து குக்கிராமம் சேரும், அதில் உங்கள் காட்டைப் பற்றிப் பேச முடியாது. மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2012 ஜூலையில் அனுப்பிய வழிகாட்டுதலிலேயே குடியிருப்பு அளவில் கூட்டச் சொல்லியிருக்கிறது, அதைக் காட்டி ஊராட்சியிடம் கேளுங்கள். சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். அங்கேயே 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

அப்புறம் எல்லை. வருவாய்க் கிராம வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள், சட்டம் கேட்பது பாரம்பரிய எல்லையை. ஒரு மலை ஊரில் கூட உட்கார்ந்திருந்தேன். கோவில் முன்னால் சாணி மெழுகிய தரையில் சுண்ணாம்பால் ஓடையை வரைந்தார்கள், பெரியவர்கள் பாறைகளுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்கள், எல்லாம் முடிந்ததென்று எழுந்திருக்கும்போது ஒரு பாட்டி தடியால் இன்னும் தள்ளி ஒரு கோடு இழுத்தார். "நெல்லிக்காய்க்கு அதுவரைக்கும் போவோம், ஆம்பளைங்களுக்கு எங்க தெரியும்" என்றார். மறுநாள் ஜிபிஎஸ் வைத்து நடந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி, இல்லாவிட்டால் ஒரு சரிவு முழுக்க விட்டுப்போயிருக்கும். அதனால் எல்லை நடக்கும்போது காட்டுக்குப் போகிற பெண்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பக்கத்து ஊரையும் கூப்பிடுங்கள், எல்லை இடிக்கிற இடத்தில் இரண்டு ஊர்க் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசத்தான் விதியும் சொல்கிறது.

சாட்சி குறைந்தது இரண்டு வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அது ஒன்று. சுடுகாடு, சாமிக்கல், பழைய கிணறு, மேய்ச்சல் பாதை, வனத்துறையின் பழைய மேய்ச்சல் சீட்டு, புளி ஏல ரசீது எல்லாம் செல்லும்.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராமல் இருந்துவிட்டு, நாங்கள் இல்லாதபோது செய்தது என்று பிறகு ஆட்சேபித்தால் ஆய்வு இன்னொரு முறை நடக்கும், அதற்கும் வராவிட்டால் கிராம சபை முடிவே இறுதி என்று 2012 திருத்த விதி சொல்கிறது. கடித நகலும் ஒப்புகைச் சீட்டும் பத்திரம். கிராம சபை அனுப்பும் மனுவை, அதை மேலே பரிசீலிக்கும் அரசின் உட்கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ மாற்றினாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உட்கோட்டக் குழு முடிவின் மேல் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமைப் பத்திரம் வந்தால் விலை ஏறிவிடுமா என்றால், உடனே ஏறாது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா ஊருக்கு 2009-லேயே உரிமை கிடைத்தது, சுமார் 1,800 ஹெக்டேர். ஆனால் வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுபோகச் சீட்டு தர வனத்துறை ஒப்பவில்லை. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்து அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்த பிறகுதான் மூங்கிலை ஊரே விற்றது. இப்போது விதியே மாறியிருக்கிறது: சிறு வனப்பொருளுக்கு (புளி, தேன், மூங்கில் போன்றவை) போக்குவரத்துச் சீட்டை, காட்டைப் பார்த்துக்கொள்ள கிராம சபை அமைக்கும் குழுவே தரலாம் (வன உரிமைக் குழு வேறு, இது வேறு), ராயல்டியோ கட்டணமோ கிடையாது. நீங்கள் அந்தக் குழுவை முதல் கூட்டத்திலேயே அமைத்துவிடுங்கள், சீட்டுப் புத்தகத்தையும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் மாசியில் புளி உலுக்கும்போது வியாபாரி வண்டியோடு வந்து நிற்பார், அன்றைக்கு விலை பேச ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.