புரோம் புல் செட்டிநாட்டு மானாவாரிக்கு ஆகுமா?

கேள்வி: ஐயா, தேவகோட்டைக்குப் பக்கத்தில் 2 ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. கிணறு உண்டு, சித்திரை வந்தால் தண்ணீர் அடியில் போய்விடும். 2 கறவை மாடு, கொஞ்சம் வெள்ளாடு வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மகன், அங்கே மாடுகளுக்குப் புரோம் புல்தான் போடுகிறார்கள், ஒரு தடவை விதைத்தால் பல வருஷம் வரும் என்கிறான். இணையத்திலும் விதை விற்கிறார்கள். எந்த ரகம் வாங்கலாம்?

பதில்: எந்த ரகமும் வாங்க வேண்டாம். மகன் சொன்னது தப்பில்லை, ஆனால் அது அந்த ஊருக்கான புல்.

புரோம் என்பது ஒரே புல் இல்லை. புரோமஸ் என்ற பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மகன் பார்த்தது பெரும்பாலும் புரோமஸ் இனெர்மிஸ். ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகளைச் சேர்ந்த இந்தப் புல் 1880களில் வட அமெரிக்காவுக்குப் போனது. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடிப் படரும். கதிரில் முள் போன்ற கூர் பெரும்பாலும் இருக்காது, அதனால் உலர்தீவனத்துக்கு அருமையானது. புரோமஸ் ரிபேரியஸ் தூர் கட்டி வளரும். மேய்ந்த பிறகு சீக்கிரம் தழைக்கும். தென் அமெரிக்காவின் புரோமஸ் கதார்டிகஸும் நல்ல தீவனம்தான்.

அதே குடும்பத்தில் ஆகாதவையும் இருக்கின்றன. புரோமஸ் டெக்டோரம் அமெரிக்காவின் மேற்கு வறண்ட நிலங்களில் பரவி, கோடை தொடங்கும் முன்பே காய்ந்து, காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. புரோமஸ் டயாண்ட்ரஸின் நீண்ட கூர் விதைகள் ஆட்டின் கண்ணிலும் வாயிலும் தோலிலும் ஏறிப் புண்ணாக்கும். நம் பக்கத்து ஊசிப்புல் ஆட்டை என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கே தெரியும். இதுவும் அப்படித்தான். ஆகவே இனத்தின் பெயரே போடாமல் வெறுமனே 'புரோம்' என்று விற்கும் பாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள்.

சரி, நல்ல இனத்தையே விதைத்தால் என்ன? இவை குளிர்பருவப் புற்கள். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் செழிக்கும், 30ஐத் தாண்டினால் தளர்ந்துவிடும். வெயில் ஏற ஏற, இலை பிடித்த கரியமில வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப வெளியே விட்டுவிடும். நெல்லும் இப்படி வாயுவைத் திரும்ப விடும் வகைதானே என்பீர்கள். நெல் நம் வெயிலுக்குப் பழகிய பயிர், அதற்குக் கண்மாய்த் தண்ணீரும் இருக்கிறது. சோளம், கம்பு, கொழுக்கட்டைப் புல் எல்லாம் வேறு வகை. குறைந்த ஈரத்திலும் கடும் வெயிலிலும் கரியமில வாயுவை வீணாக்காமல் சேர்க்கும். அதுவும் போக, இனெர்மிஸ் குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் ஒழுங்காகக் கதிர் தள்ளும். நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது.

இன்னொன்று: மகன் ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் விதை போட்டு வரச் சொல்லிவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். ஒரு புதுக் களையை நாமே கொண்டுவந்து இறக்கிவிட்டால், சீமைக்கருவேலத்தோடு நாம் படும் பாட்டைத்தான் மறுபடி படவேண்டும்.

நீங்கள் விதைக்க வேண்டியது கொழுக்கட்டைப் புல்லும், முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியும். 'ஒரு தடவை விதைத்தால் பல வருஷம்' என்ற ஆசை இதிலேயே நிறைவேறும். கொழுக்கட்டை விதை ஏக்கருக்கு இரண்டரை முதல் 3 கிலோ. புது விதை சரியாக முளைக்காது, அறுத்து 6 மாதமாவது ஆன விதையாகக் கேளுங்கள். பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும் என்பதால் மணலோடு கலந்து, மேலாக விதைத்து லேசாக மூடினால் போதும். 3 வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால். முயல் மசாலின் விதைத்தோல் கடினமானது. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, அப்புறம் ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். புல் வயிற்றை நிரப்பும், மசால் புரதம் கொடுக்கும், மண்ணில் தழைச்சத்தும் சேரும். நம் செம்மண்ணுக்கு இந்தக் கடைசிப் பலன் ரொம்ப முக்கியம்.

புரட்டாசிக் கடைசியில் உழுது வைத்து, ஐப்பசி மழை பிடித்ததும் விதையுங்கள். கிணற்றை ஒட்டிப் பத்து சென்ட்டில் மட்டும் கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் கரணை நட்டுக்கொள்ளலாம்; தண்ணீர் இருக்கும்வரை மாட்டுக்கு ஆகும். வரப்பில் அகத்தி வையுங்கள், வெள்ளாடு விரும்பித் தின்னும். விதை பற்றிக் கேட்க, செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. விதைப்புக்கு முன்பே போய் விசாரித்துவிடுங்கள்.

முதல் அறுவடை 70, 75 நாளில் வரும். முதல் வருஷம் முழுக்க அறுத்துத்தான் போட வேண்டும். ஆட்டை உள்ளே விட்டால், வேர் பிடிக்காத தூரைப் பிடுங்கிவிடும்.