மிருகவதையும் சட்டமும்: யாழ்ப்பாணத்து வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (சாவகச்சேரி): எங்கள் ஒழுங்கையில் திரியும் கட்டாக்காலி நாய்களுக்கு ஒருவர் இறைச்சியில் நஞ்சு கலந்து வைக்கிறார். முறைப்பாடு செய்யப் போனபோது, உரிமையாளர் இல்லாத நாய்க்கு வழக்கில்லை என்று சொல்லப்பட்டது. இது சரியா ஐயா?

பதில்: சரியன்று. இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம். வீட்டு மிருகங்களும் பிடித்து அடைக்கப்பட்ட மிருகங்களும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்குகின்றன; அவற்றுக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. நாய் வீட்டு மிருக இனத்தைச் சேர்ந்தது என்பதால், அது யாருடைய வளவில் படுத்தாலும், யாருடைய வளவிலும் படுக்காவிட்டாலும், அதற்குத் தேவையற்ற வேதனையை விளைவிப்பது குற்றமே என்பது என் வாசிப்பு. உரிமையாளர் உள்ள நாயாயின் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது குற்றத்தை மனத்தில் வைத்தே உங்களுக்கு அவ்வாறு சொல்லியிருக்கலாம்.

ஆனால் இத்தகைய முறைப்பாடுகள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தில் அல்ல, சான்றில். இறந்த நாயை உடனே புதைத்துவிட்டு, மறுநாள் பொலிஸ் நிலையத்துக்குப் போவதால் பயனில்லை. முதலில் முறைப்பாட்டைப் பதிவு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள்; உடலையும் எஞ்சிய இறைச்சியையும் வெறுங்கையால் தொடாமல் பொலித்தீனில் சுற்றி, நிழலில் பாதுகாத்து, அரச கால்நடை வைத்தியரிடம் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டுமென்று எழுத்தில் கோருங்கள். வைத்தியரின் அறிக்கை இல்லாமல் நீதவானின் முன் நிற்பது வெறுங்கையோடு நிற்பதுதான். பொலிஸார் வழக்குத் தாக்கல் செய்யாவிடின், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் வழக்கிடவும் முடியும்; அதற்கு ஒரு சட்டத்தரணியின் உதவியைப் பெறுவது நல்லது.

கேள்வி (அதே வாசகர்): குற்றம் நிரூபிக்கப்பட்டால் என்ன தண்டனை?

பதில்: அதிகபட்சம் நூறு ரூபாய் தண்டம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். 1907இல் நூறு ரூபாய் பெருந்தொகை. இன்று அது ஓர் இளநீருக்கும் போதாது.

கேள்வி (நல்லூர்): அப்படியானால் தண்டப்பணத்தை உயர்த்தினால் போதாதா? புதிய சட்டம் எதற்கு?

பதில்: போதாது. பழைய சட்டம் வதை நடந்து முடிந்த பின்னரே விழித்துக்கொள்கிறது. சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்த மிருக நலச் சட்டமூலத்தின் அடிப்படை வேறு: மிருகத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு அதன் உணவு, நீர், இருப்பிடம், நோய்க்கான சிகிச்சை ஆகியவற்றைக் கவனிக்கும் கடமை உண்டு என்று அது சொல்கிறது. வெயிலில் குட்டைச் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடக்கும் நாயை யாரும் அடிக்கவில்லை; ஆனாலும் அது துன்பப்படுகிறது. இன்றைய சட்டத்திலும் நியாயமின்றிச் செய்யத் தவறுவது குற்றமாகக் கொள்ளப்படலாம். ஆயினும் என்னென்ன செய்யவேண்டும் என்று அதில் எங்கும் வகுக்கப்படாததால், ஒவ்வொரு வழக்கிலும் அதைப் புதிதாக வாதிட்டு நிறுவ வேண்டியிருக்கிறது. 2006 முதல் அரசாங்கங்கள் மாறியும் அச்சட்டமூலம் இழுபட்டுக்கொண்டே வந்தமைக்கு நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.

கேள்வி (கோப்பாய்): விசர்நாய்க்கடிப் பயம் இருக்கும்போது பிரதேச சபை நாய்களைப் பிடித்து அழிக்காமல் விடுவது எப்படி நியாயமாகும்? எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் அழிப்பதற்கு இடமளித்தது உண்மையே. 2006இல் அரசு கொல்லாமைக் கொள்கையை ஏற்றது. அதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. ஓர் ஊரின் நாய்களை அழித்தால், சந்தையிலும் ஒழுங்கையிலும் கிடக்கும் மிச்ச உணவைத் தேடி அயலூரிலிருந்து தடுப்பூசி போடப்படாத நாய்கள் வந்து சேரும். எஞ்சியவையும் வேகமாகப் பெருகும். நூற்றுக்கு 70 நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தடுப்பூசி போட்ட, கருத்தடை செய்த நாய் உங்கள் ஒழுங்கையில் இருப்பதே பேரப்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. ஆகவே உங்கள் சபை உறுப்பினரிடம் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள். வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 1901 முதலே இருக்கிறது என்பதையும் அவருக்கு நினைவூட்டலாம்.

கேள்வி (கிளிநொச்சி வீதியில் நாளாந்தம் பயணிப்பவர்): சபை பிடித்து அடைத்த கட்டாக்காலி மாடுகள் தண்ணீரின்றிக் கிடப்பதைக் கண்டேன். சபைக்கு எதிராகவும் முறையிடலாமா?

பதில்: முறையிடலாம். பிடிக்கும் அதிகாரம் இருப்பதால் பட்டினி போடும் அதிகாரம் வந்துவிடாது. முதலில் செயலாளருக்கு நாள், நேரம், படம் ஆகியவற்றுடன் எழுதுங்கள். பிரதியை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு அனுப்புங்கள். மாட்டை இரவில் வீதியில் விட்டுக் காலையில் பால் கறக்க மட்டும் தேடும் உரிமையாளரும் பொறுப்பாளிதான் என்பதைச் சேர்த்து எழுத மறவாதீர்கள்.

கேள்வி (வட்டுக்கோட்டை): இந்தியாவின் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பைக் காட்டி, இங்கு மாட்டுவண்டிச் சவாரியை நிறுத்தவோ காப்பாற்றவோ முடியுமா?

பதில்: இரண்டும் முடியாது. அங்குள்ள வழக்குகள் அந்நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தையும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் பற்றியவை. இந்தியத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டம் சவாரியைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் கொடூரமாக அடிப்பதையும் அளவுக்கு மீறி ஓட்டுவதையும் அது தடுக்கிறது. ஆணி பதித்த தடியால் குத்துவது எந்த மரபின் பெயராலும் இதற்கு விலக்காகாது. விழாக் குழுக்கள் அத்தடிகளைத் தாமே தடைசெய்து, சவாரித் திடலுக்குக் கால்நடை வைத்தியரை அழைப்பது சவாரிக்கும் நல்லது.

கேள்வி (தெல்லிப்பழை): கோயில் வேள்வி பற்றி?

பதில்: 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலிக்குத் தடை விதித்தது, 2018 செப்டெம்பரில் அமைச்சரவை நாடளாவிய தடைச் சட்டமொன்றுக்கு அங்கீகாரம் அளித்தது. எனினும் அங்கீகாரம் சட்டமாகாது. கிடாய் வெட்டுவதை வெறும் சமயச் சண்டையாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை: இறைச்சிக் கடையில் வெட்டப்படும் கிடாய்க்கும் அதே வலிதான்.

கேள்வி (நெடுந்தீவு): எங்கள் குதிரைகள் கோடையில் நீரின்றிச் சாகின்றன. யார் பொறுப்பு?

பதில்: சிக்கலே இங்குதான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்தவை என்பதால் அவை முற்றிலும் காட்டு மிருகங்களல்ல. உரிமையாளர் இல்லாததால், வீட்டு மிருகங்களைப் போல அவற்றைக் கவனிக்கப் பொறுப்பானவர் ஒருவரும் இல்லை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டதால், அந்த எல்லைக்குள் பொறுப்பு வனசீவராசிகள் திணைக்களத்துடையது. எல்லைக்கு வெளியே திரிபவற்றுக்காகப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் திணைக்களமும் சேர்ந்து, கோடை தொடங்குமுன் தொட்டிகளை நிரப்பும் பொறுப்பை எழுத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை மாசி மாதத்திலேயே எழுப்புங்கள். ஆடியில் எழுப்பினால் காலம் கடந்துவிடும்.