என் முறையில் என்ன செய்யலாம்? டி அண்ட் டி சண்டை: கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் மேஜை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். 2024 விதிகளில் மாறியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு ரவுண்டு, அதாவது எல்லாருக்கும் ஒரு முறை (டர்ன்) வரும் சுற்று, 6 விநாடி என்கிறார்கள். சண்டையில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஒரு விநாடியா?

பதில்: இல்லை. எல்லாருடைய முறையும் அதே 6 விநாடிக்குள் அடக்கம். யார் முதலில் என்ற வரிசை நம் வசதிக்கு. இருபது முகப் பகடையை உருட்டி டெக்ஸ்டெரிட்டி மாடிஃபயரை (கதாபாத்திரத்தின் சுறுசுறுப்புக்கான எண்) கூட்டுங்கள். பெரிய எண் முதலில்.

கேள்வி: ஆக்‌ஷனை விட்டுக்கொடுத்து இரண்டு போனஸ் ஆக்‌ஷன் எடுக்கலாமா அண்ணா?

பதில்: முடியாது. ஆக்‌ஷன் என்பது வெட்டுவது, மந்திரம் போடுவது போன்ற முக்கியச் செயல்; போனஸ் ஆக்‌ஷன் கூடுதலான சிறு செயல். ஒன்றை மற்றதாக மாற்ற வழியில்லை. போனஸ் ஆக்‌ஷன் எல்லாருக்கும் தானாக வருவதும் இல்லை. கதாபாத்திரத்தின் வகுப்பு (ரோக், விஸார்டு போன்ற வகை) தரும் திறனோ மந்திரமோ கொடுத்தால்தான் உண்டு. ரோக் (திருடன் வகை) இரண்டாம் லெவலில் பெறும் கன்னிங் ஆக்‌ஷன் அப்படிப்பட்டது. நடை மட்டும் தாராளம்: 30 அடி வேகம் என்றால் 10 அடி போய் வெட்டிவிட்டு மீதி 20 அடி நகரலாம்.

கேள்வி: கோப்ளின் என்ற குட்டி அரக்கனை விட்டு விலகினேன், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) உடனே எனக்கு அடி உருட்டினார். என் முறையில் அது எப்படி அடிக்கும்?

பதில்: டிஎம் செய்தது சரிதான். அது ரியாக்‌ஷன், அதாவது அடுத்தவர் முறையிலும் செய்யக்கூடிய பதில் செயல். ஒரு எதிரி உங்களைப் பார்க்க முடிந்து, அதன் எட்டும் தூரத்தை விட்டு நீங்கள் நகர்ந்தால் ஆப்பர்சூனிட்டி அட்டாக் விழும். எட்டும் தூரத்துக்குள்ளேயே சுற்றி வந்தால் விழாது. தண்டர்வேவ் மந்திரம் உங்களைத் தள்ளிவிட்டாலும் விழாது, காரணம் நீங்களாக நகரவில்லை. பத்திரமாக விலக டிஸ்எங்கேஜ் இருக்கிறது, ஆனால் அது உங்கள் ஆக்‌ஷனைத் தின்றுவிடும்.

புதியவர்கள் மறப்பது இந்த ரியாக்‌ஷனைத்தான். ஒன்றே ஒன்று, செலவழித்தால் உங்கள் அடுத்த முறை தொடங்கும்போதுதான் திரும்பும். தடியால் ஆப்பர்சூனிட்டி அட்டாக் அடித்த விஸார்டு (மந்திரவாதி), அதன்பின் அம்பு வரும்போது, ரியாக்‌ஷன் கேட்கும் ஷீல்டு என்ற தற்காப்பு மந்திரம் போட முடியாமல் முழிப்பார். அந்த அடியை விட்டுவிடுவதே அவருக்கு நல்லது என்பேன்.

கேள்வி: ரோக்கின் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் காயம் தரும் அடி) ரவுண்டுக்கு ஒரு தடவைதானே?

பதில்: முறைக்கு ஒரு தடவை. ஆகவே அடுத்தவர் முறையில் ரியாக்‌ஷனாக அடித்தாலும், நிபந்தனைகள் பொருந்தினால், இன்னொரு தடவை கிடைக்கும். நிறைய மேஜைகளில் இதற்குத்தான் சண்டை.

கேள்வி: “கதவு திறந்ததும் எய்வேன்” என்று காத்திருக்கலாமா?

பதில்: ரெடி ஆக்‌ஷன். இப்போது ஆக்‌ஷன், எய்யும்போது ரியாக்‌ஷன், இரண்டும் போகும். எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒன்றுக்கு மேல் அடிக்கும் திறன்) இருந்தாலும் ஒரே அம்புதான். மந்திரத்தை ரெடி செய்தால் இன்னும் கஷ்டம்: ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போட இருக்கும் வாய்ப்புகளில் ஒன்று) அப்போதே தீரும், கான்சன்ட்ரேஷனும் (மந்திரத்தைக் கலையாமல் பிடித்து வைக்கும் கவனம்) வேண்டும், கதவு திறக்காவிட்டால் எல்லாம் வீண்.

கேள்வி: ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) குடிப்பது எதில் சேரும்?

பதில்: 2014-இல் ஆக்‌ஷன், 2024-இல் போனஸ் ஆக்‌ஷன்.

கேள்வி: இவ்வளவு பிரிவு இல்லாத விளையாட்டு இருக்கிறதா சார்?

பதில்: 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். முறைக்கு மூன்று ஆக்‌ஷன். நடப்பதும் அடிப்பதும் ஒவ்வொன்று. மூன்றையும் அடியாகவே செலவழிக்கலாம், ஆனால் பொதுவாக இரண்டாவது அடிக்கு உருட்டும் எண்ணில் 5, மூன்றாவதுக்கு 10 குறையும். ரியாக்‌ஷன் அங்கேயும் தனிதான்.