மதியம் கொடைக்கானல் சேர்ந்து அன்றே டால்பின் நோஸ் போகலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து சொந்தக் காரில் நாலு பேர் வருகிறோம். மதியம் 1 மணிக்குக் கொடைக்கானல் சேர்வோம். அம்மாவுக்கு 62 வயது. அன்றே பக்கத்திலுள்ள வட்டக்கானல் கிராமத்துக்குப் போய், பள்ளத்தாக்கின் மேல் நீட்டி நிற்கும் டால்பின் நோஸ் பாறையைப் பார்த்துத் திரும்ப முடியுமா? இ-பாஸ், வனத்துறை அனுமதி, கைடு எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் கேட்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். வண்டியோடு கொடைக்கானலுக்குள் நுழைய எடுக்கும் இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. அரசுத் தளத்தில் வண்டி எண், தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைப் பதிந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். டால்பின் நோஸ் வரை நடக்க வழக்கமாகத் தனி அனுமதியும் தேவையில்லை. கடைகளும் ஆள் நடமாட்டமும் உள்ள பாதை அது, கைடு இல்லாமலே போய்வரலாம். இல்லாத அனுமதிக்குப் பணம் வாங்குகிறவர், ‘யாருக்கும் தெரியாத வியூ பாயிண்ட்’ என்று அடுத்து எங்கே கூட்டிப்போவார் என்று யோசியுங்கள்.

நேரத்துக்கு வருவோம். இது ஏறிவிட்டு இறங்கும் மலை இல்லை. முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வட்டக்கானல் சாலை முடிவிலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். போக அரை மணி, முக்கால் மணி ஆகும். திரும்ப ஒரு மணிக்குக் குறையாது. ஏறத்தாழ 7,000 அடி உயரம் என்பதால் சமவெளியில் தினமும் நடப்பவருக்கும் மூச்சு வாங்கும். 3 மணிக்குள் நடக்கத் தொடங்க முடியாவிட்டால் மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். எங்கே நின்றாலும் 4 மணிக்குத் திரும்பி நடக்கத் தொடங்கிவிட வேண்டும். டிசம்பரில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறையும், மரநிழலில் அதற்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கும். இருட்டினால் காட்டுமாடு நடமாட்டமும் உண்டு. கண்டால் செல்போனை எடுக்காமல், சத்தம் போடாமல் பின்வாங்குங்கள்.

ஏரியிலிருந்து வட்டக்கானல் 5 கிலோமீட்டர்தான். சீசனில் அதற்கே ஒரு மணி நேரம் போகலாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வாசலில் எண்ணுகிறார்கள், சரி. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய வட்டக்கானல் சந்துக்குள் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொள்கிறார்களே, அதை யார் எண்ணுகிறார்கள்? காரை முன்பே ஒதுக்கி நிறுத்திவிட்டு நடங்கள்.

மதியம் போனால் காட்சி கிடைப்பது அதிர்ஷ்டம்தான். வெயில் ஏற ஏற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவோடு மேலே வந்து குளிர்ந்து மேகமாகிறது. பாறையில் நிற்கும்போது எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். பத்து நிமிடம் காத்திருங்கள், சில நேரம் விலகும். ஈரப் பாறையின் விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள்.

பாதையின் கீழ்ப்பகுதி முழுக்க மரவேர்கள். வேரின் மேல் மிதித்தால் வழுக்கும், பக்கத்து மண்ணில் மிதியுங்கள். தேய்ந்த செருப்பு வேண்டாம். அம்மா சாலைப் பகுதி முடிந்து வேர்கள் தொடங்கும் இடத்தில், கடையோரம் உட்கார்ந்துகொள்ளட்டும். முழங்கால் வலி இருந்தால் இறக்கம்தான் அவரைப் படுத்தும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலில். சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை இருக்கிறது. மழை பெய்திருந்தால் அட்டை கடிக்கும், உப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கைடு வேண்டிய இடமும் ஒன்று உண்டு. டால்பின் நோஸைத் தாண்டிக் கீழே இறங்கும் பாதை வெள்ளகவி கிராமத்துக்குப் போகிறது. வெள்ளகவிக்காரர்கள் நடக்கிறார்களே என்று நீங்களும் தொடராதீர்கள். அவர்கள் போவது வீட்டுக்கு. உங்களுக்கு அது காட்டுப் பயணம், வனத்துறையிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. ‘கொஞ்ச தூரம்தான்’ என்று ஏஜென்ட் சொன்னாலும், முன்னால் இன்னொரு கூட்டம் போனாலும் இதேதான். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீயில் மலையேறியவர்கள் 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகளே வந்தன. காட்டுக்குள் நடக்க ஆசை என்றால், அரசின் ‘டிரெக் தமிழ்நாடு’ தளத்தில் பாதையைத் தேர்ந்து முன்பதிவு செய்யுங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். கோடையில் தீ பயம் காரணமாக மூடியிருப்பார்கள், தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.